கோரிக்கு ஊற்றிய முதல் கிளாஸ்

பதினோரு வருஷமாக லீலண்ட் ஒரு சொட்டு குடிக்கவில்லை. குடியை விட வைத்தவன் மகன் கோரி. குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்கு இழுத்துப் போய், முடியும்வரை வாசலில் காரிலேயே காத்திருப்பான். அந்த மகன் சேர்ந்த வேலையோ, டென்வர் பேஸ்பால் மைதானத்துக்கு எதிர்த்தெருவில் பீர் காய்ச்சுவது. போன வருஷம் அங்கேயே செத்தும் போனான்.

பீர் இறக்கிய தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத, மூச்சையே நிறுத்திவிடும் வாயு தங்கியிருக்கும். நன்றாகக் காற்றாட விட்ட பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும். போன சீசனின் முதல் ஆட்டத்தன்று அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை?

இந்த வருஷ முதல் ஆட்டத்தன்று, கோரி எழுதி வைத்திருந்த பக்குவத்தில் பீர் காய்ச்சி, அதற்கு அவன் பெயரையே வைத்திருந்தான் முதலாளி கிரேடி. முதல் கிளாஸ் கோரியின் அப்பாவுக்கு, அவர் குடித்த பிறகே மற்றவர்களுக்கு என்று அறிவித்தும் விட்டான். குடியை விட்ட மனுஷனுக்கு இது மரியாதையாம். கடையில் நிறைந்திருந்த, உள்ளூர் அணியின் ஊதாச் சட்டை போட்ட ரசிகர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் லீலண்ட் வந்திருந்தார். மகனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான் அவரிடம் மிச்சம். கிளாஸைக் கீழே வைக்கும்போது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பீர் காய்ச்சும் அறையைப் பார்த்தார். தொட்டியின் வாயிலிருந்து இரண்டு ரப்பர் பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன.

எப்படி ஓடினாரோ, காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். அங்கே வேலை பார்க்கும் டெஸ் என்ற பெண். முகம் வெளுத்து, இருமி இருமி மூச்சு வந்ததும் அவளுக்குக் கோபமும் வந்தது.

"குழாய் மூடி உள்ள விழுந்துடுச்சு பெரியவரே. ஒரு நிமிஷ வேலை."

"என் பையனும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பான்."

காற்றாடும்வரை நகர மாட்டேன் என்று தொட்டி வாயை அடைத்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் காத்திருக்கிறது என்று கிரேடி கெஞ்சினான், முணுமுணுத்தான். அரை மணி நேரம் அசையவில்லை அவர். எழுந்தபோது டெஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை.

"இன்னைக்கு நீங்க உக்காந்தீங்க. இன்னும் எண்பது ஆட்டம் இருக்கு இங்க. யாரு உக்காருவா?"

அத்தனை நாளும் வந்து உட்காரத் தன்னால் ஆகாது என்று லீலண்டுக்கு மனசு விட்டுப்போயிற்று. திரும்பி வந்தார். நுரை அடங்கிய கிளாஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கூட்டம் கைதட்டியது.

மகனின் பக்குவம் நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று கேட்டார்.