கமாலின் புத்தகத்தில் ஒரு வார்த்தை குறைவு

இங்கிலீஷ் தெரிந்தவன் என்று ராயபுரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் மண் விழ! மளிகைக் கடை வைத்திருக்கிறவன் பருப்பை நிறுத்துப் போட்டோமா, கடையைப் பூட்டினோமா என்று இருந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய கொழுப்பு என்னைச் சும்மா இருக்க விட்டதா? தந்தி வந்தால் ராசையா அண்ணாச்சி. கோர்ட் நோட்டீஸ் வந்தால் ராசையா அண்ணாச்சி. நானும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கமால் என் கடைக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்தான். கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஐம்பத்தொன்றாம் வருஷம் அவன் கப்பல் மெட்ராஸுக்கு வந்து ஆட்களை இறக்கியது. இறங்குகிற ஒவ்வொருவனுடைய கப்பல் வேலைப் புத்தகத்திலும் அவன் நடத்தை எப்படி என்று கேப்டன் எழுதித் தர வேண்டும். துறைமுக ஆபீசில் அதிகாரி முன்னால் அதை ஒப்புக்கொண்டு அவன் ரேகை வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஒரு சாட்சி வேண்டும். 'படித்துக் காட்டி விளக்கிச் சொன்னேன்' என்று அந்தச் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிறவர் அவர்களுடைய மேஸ்திரியான சாரங்கு சௌக்கத் அலி. அன்று அவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். கமால் என்னைக் கூப்பிட்டான்.

போனேன். அதிகாரி ரகுபதி புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். 'குட்' என்று எழுதியிருந்தது.

"ரெண்டு வார்த்தை கீதா அண்ணாச்சி?" என்றான் கமால்.

"ஒண்ணுதான். குட்."

"எப்பவும் ரெண்டு இருக்குமே. மின்ன பக்கத்தெல்லாம் பாரு. ரெண்டு ரெண்டா கீது."

முன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எச்சில் தொட்டு ஒரு தாள் புரட்டுகிற நேரம். நான் புரட்டவில்லை.

"குட்டுன்னா நல்லதுய்யா. ஃபைன், நைஸ், எக்ஸலண்ட், எல்லாம் அதுக்கு அண்ணன் தம்பிங்க. உன் நடத்தை நல்லதுன்னு வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்திருக்கான். இதுக்கு மேல என்ன வேணும், மாலையா?"

வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். கமால் தயங்கினான். பின்னால் இருந்தவன் முதுகில் தட்டவும் ரேகை வைத்துவிட்டான். அதற்குக் கீழே நான் வளைத்து வளைத்து இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் சௌக்கத் அலி போர்வையோடு கடைக்கு வந்தார். புத்தகத்தைத் துவரம்பருப்பு மூட்டை மேல் வீசினார்.

"உனுக்கு எவன்யா இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தான்? கப்பல்ல வெரி குட்னு எழுதுனாத்தான் அடுத்த கப்பல்ல சேப்பான். மோசம்னு எழுதுனா ஏன்னு கேப்பாங்கோ, கேப்டன் பதில் சொல்லணும். வெறும் குட்டுன்னா எவனும் கேக்க மாட்டான். ஆனா அடுத்த கேப்டன் அதைப் பாத்தவொடனே புத்தகத்தை மூடிடுவான். சண்டைக் காலத்துல குண்டுக்கு நடுவுல போயும் வெரி குட் வாங்கினவன்யா இவன். பதினொரு வருசம்! இனிமே ஹார்பர்ல கரிக்கூடை தூக்க வேண்டியதுதான்."

கேப்டன் அப்படி எழுதக் காரணத்தையும் அவரே சொன்னார். கொதிகலன் சூட்டில் ஒருவன் சுருண்டு விழுந்திருக்கிறான். ஏடன் துறைமுகம் வந்ததும் டாக்டரைக் கூப்பிடச் சொல்லி கமால் மேல்தளத்துக்கே போய்க் கத்தியிருக்கிறான். டாக்டர் வரவில்லை. விழுந்தவன் செத்துப்போனான். கத்தியதற்குக் கூலி இந்த ஒற்றை வார்த்தை.

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாளே கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போய் மேஜையைத் தட்டினேன். அங்கிருந்த குமாஸ்தா அலட்டிக்கொள்ளவே இல்லை. தலையணை தண்டி அகராதியைப் பிரித்து, நல்ல, ஒழுக்கமான, தகுதியுள்ள, நம்பத்தக்க, அன்பான என்று ஒரு பத்தி முழுக்க வாசித்தான்.

"இதுல எந்த அர்த்தத்து மேல உங்களுக்குப் புகார்?"

அந்த அகராதியாலேயே அவன் மண்டையில் போட்டிருப்பேன். முந்தின நாள் நான் பேசிய பேச்சைத்தான் அவன் எனக்குத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான் என்பதால் கை வரவில்லை.

கடைக்குத் திரும்பினால் கமாலின் மனைவி தாஹிரா நின்றிருந்தாள். சாமான் வாங்க வரவில்லை.

"படிக்காத ஆளு ரெண்டு வார்த்தைன்னு சொல்லிச்சே. படிச்ச ஆளு நீங்க காதுல வாங்குனீங்களா?"

நேரே சௌக்கத் அலி வீட்டுக்குப் போனேன்.

ஒரே வழிதான் இருந்தது. அதையும் சௌக்கத் அலிதான் சொன்னார். படித்துச் சொன்ன சாட்சிக்குப் படிக்கவே தெரியாது என்றால் ரேகை செல்லாது. கப்பல் வியாழக்கிழமை மாலை கிளம்புகிறது. அதற்குள் நான் போய், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எழுதித் தர வேண்டும்.

"நானா? தெரியாதுன்னா?" என்று வீட்டில் குதித்தேன்.

என் மனைவி சுகிர்தம் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "எழுதினா கை அழுகிடாது" என்றாள்.

வியாழன் காலையில் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கும் நீளமான வரிசை. ரகுபதி சார் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தெரிந்தது போல் சொல்லிவிட்டேன்.' அப்ப இந்தக் கையெழுத்து?"

"அது மட்டும் வரும் சார்."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அத்தனை பேரையும் ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

ரகுபதி சார் கமாலைக் கேட்டார். "இவர் சொல்றது நிஜமா?"

மூன்று நாளாக கமால் என்னோடு பேசவில்லை. பட்டும் படாமலும் 'ஆமாம்' என்று சொல்லி முடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னான்.

"சுத்தமா ஒண்ணும் தெரியாது சார். நாம சொல்றதைக் கேக்கவும் மாட்டாரு. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாரு. தெருவே இவரை நம்பி ஏமாந்துகினு கீது."

ரகுபதி சார் சிவப்பு மையால் ரேகையை அடித்தார். கமால் அந்த 'குட்'டை ஒப்புக்கொள்ளவில்லை, கேப்டன் வேறு வார்த்தை எழுத வேண்டும், இல்லையென்றால் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று கப்பலுக்கு ஆள் அனுப்பினார். நேரில் வந்தால் செத்துப்போனவனைப் பற்றியும் பேச வேண்டியிருக்குமே. இரண்டு மணிக்குப் புத்தகம் திரும்பி வந்தது. வெரி குட். இந்த முறை சாட்சி சௌக்கத் அலி. ஆனாலும் கமால் தானே விரல் வைத்து இரண்டு வார்த்தை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரேகை வைத்தான்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"காரியம் ஆகணும், சரி. அதுக்காக அத்தனை பேர் நடுவுல அவ்வளவு பொய் சொல்லணுமாய்யா?"

கமால் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இங்கிலீஷ் தெரியாதுன்னது ஒண்ணுதான் அண்ணாச்சி பொய்."