சேஃப்டியைத் தள்ளாதே

அக்டோபரில் பள்ளிக்கூட வாத்தியார்கள் மாநாடு என்று கிளம்பிப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு. அமெரிக்காவில் எங்கள் மொன்டானா மாநிலத்தில் அந்த இரண்டு நாளும் சின்னப் பிள்ளைகளின் மான் வேட்டைக்கு என்றே ஒதுக்கியவை. பெரியவர்கள் துணைக்குப் போகலாம், சுடக் கூடாது. என் மகள் இங்காவுக்குப் பன்னிரண்டு வயது, இதுதான் முதல் வேட்டை. விடிவதற்கு முன்பே அப்பன் ஆரினும் மகளும் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொண்டு வில்லோ ஓடைப் பக்கம் போய்விட்டார்கள்.

எனக்கு லீவு கிடையாது. எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கம்பெனியில் கஸ்டமர் கேரில் இருக்கிறேன். ஊரே காட்டில் இருக்கும் நாளில்தான் எங்கள் போன் ஓயாது. தோட்டா சிக்கிக்கொண்டது என்பான் ஒருவன். குதிரை மிதித்துவிட்டது, வாரண்டி உண்டா என்பான் இன்னொருவன். குதிரைக்கா துப்பாக்கிக்கா என்று கேட்க வாய் துடிக்கும். கேட்க முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி மூச்சுவிட்டாலும் எங்கள் மேனேஜர் பிரைஸுக்கு மூக்கில் வியர்க்கும்.

அன்று காலையில் ஒரே மாதிரிப் புகார் இரண்டு வந்திருந்தது. மூன்றாவதாக வந்த குரல் ரொம்ப நிதானமாக இருந்தது.

"சேஃப்டியத்தான் தள்ளினேன். வெடிச்சிருச்சு. வெரல் விசைப் பக்கமே போகல."

"நீங்களா விசைய ஏதாவது கழட்டி மாத்தினீங்களா, சார்?" என்று தாளில் இருந்ததைக் கேட்டேன்.

"வாங்கினபடியே இருக்கும்மா. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். என் தம்பி பையனுக்குத் தொடையில பட்டிருக்கு. உள்ள ஆபரேஷன் நடக்குது. மத்தவங்களுக்கும் சொல்லுங்கன்னுதான் கூப்பிட்டேன்."

சீரியல் நம்பரைக் கேட்டேன். முதல் நாலு எண்ணைச் சொன்னதுமே எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே நாலு எண்ணில்தான் எங்கள் வீட்டுத் துப்பாக்கியும் தொடங்கும். கோடையில் ஊழியர் சலுகையில் இங்காவுக்காக வாங்கியது.

அந்த மாடலில் ஒரு சங்கடம் உண்டு. தவறி வெடிக்காமல் காக்கும் தாழான சேஃப்டியைப் போட்டிருந்தால், தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும் என்றால் முதலில் சேஃப்டியைத் தள்ளியாக வேண்டும். ஆகவே சுடாமல் திரும்பி வருகிறவனும் வண்டியருகே வந்து நிம்மதியாக அதைத் தள்ளுவான். பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள்.

பிரைஸின் கண்ணாடி அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஒரு மானைக்கூட அடித்ததில்லை.

"இன்னிக்கு மட்டும் மூணு போன், பிரைஸ். எல்லாம் ஒரே லாட்டுல செஞ்ச துப்பாக்கி. ரேடியோவுல சொல்லச் சொல்லுங்க."

"எதைச் சொல்றது? குறை இருக்குன்னு யார் நிரூபிச்சா? துப்பாக்கிய அனுப்பச் சொல்லுங்க, நம்ம ஆளுங்க சோதிச்சுப் பாக்கட்டும்."

"எல்லாத் தடவையும் அப்படி வெடிக்காது. சோதிச்சுட்டு 'குறை ஒண்ணும் தெரியல'ன்னு திருப்பி அனுப்புவோம். போன வருஷமும் அதத்தான பண்ணினோம்?"

"வக்கீல்கிட்ட கேக்காம நான் வாயத் திறக்க முடியாது, லொரேன். நீங்களும் திறக்கக் கூடாது."

"எம் பொண்ணு கையில அந்தத் துப்பாக்கி இருக்கு."

அவன் முகம் மாறியது. அதை மறுக்கமாட்டேன். ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ, "போன் காத்திட்டிருக்கு, பாருங்க" என்பதுதான். ஹெட்செட்டை அவன் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆரினுக்குப் போட்டால் அந்த மலையில் டவர் எடுக்காது. எங்கள் ஊர்ப் போலீஸான ஷெரிப் ஆபீஸுக்குப் போட்டேன். ஆளை அனுப்புகிறோம், ஆனால் மலை முழுக்க இன்று பிள்ளைகள்தான், யாரென்று தேடுவது என்றார்கள். நானே காரை எடுத்தேன். வழியெல்லாம் யாரைத் திட்டினேன், யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. கடவுளைக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது, அன்று வெட்கமில்லாமல் கூப்பிட்டேன்.

பாதை தொடங்கும் இடத்தில் ஆரினின் பிக்கப் வண்டி மட்டும் நின்றது. காரைவிட்டு இறங்கியபோது மேலே ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. மலை அதை உருட்டி உருட்டி எடுத்துப் போயிற்று.

அது மானுக்குச் சுட்டதா? எப்படித் தெரியும்? அடுத்த சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏதாவது அலறல் வருகிறதா என்று கேட்டேன். காற்று எதிரே இருந்து அடித்தது, பைன் மரங்களின் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. பாதையில் ஏறினேன், அவர்கள் வேறு வழியாக இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்தேன், பிறகு மறுபடி ஏறினேன். என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. வண்டிச் சக்கரத்தைக் காலால் உதைத்து அழுதேன். வெகு நேரம் அப்படியே கழிந்தது.

அப்புறம் பாதை வளைவில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. இங்கா. தனியாக. முழங்கை வரைக்கும் ரத்தம்.

அவளை நோக்கி ஓடினேன்.

"அம்மா? நீ எப்படி வந்த? நான் அடிச்சிட்டேம்மா! பெட்டை மான், ஒரே தோட்டா. அப்பா குடல எடுத்துட்டிருக்கு. மான வச்சு இழுக்கிற பலகைய வண்டியிலேர்ந்து எடுத்துட்டு வரச் சொல்லுச்சு."

மான் ரத்தம். சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவள் தோளைப் பார்த்தேன்.

"துப்பாக்கிய ஏன் நீ வச்சிருக்க?"

"மேல கரடி காலடி இருந்துச்சு. அப்பாகிட்ட கரடிய விரட்டுற ஸ்ப்ரே இருக்கு, நீ இத எடுத்துட்டுப் போன்னுச்சு. தோட்டா போட்டு சேஃப்டி போட்டுக் குடுத்துச்சு. வண்டிகிட்ட வந்ததும் நானே தோட்டாவ எடுத்து வைக்கணுமாம். எனக்குத் தெரியும், பாரேன்."

சொல்லித் தந்தபடியே துப்பாக்கியை இறக்கி, குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்தாள். அது தரை என்று அவள் நினைத்த இடத்தில்தான் அவளுடைய இடது கால் இருந்தது. கட்டைவிரல் சேஃப்டிமேல் போயிற்று.

"கைய எடு."

என் குரல் அப்படி ஒரு தினுசில் வந்திருக்க வேண்டும். கையைச் சுட்டுக்கொண்டவள் போல எடுத்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் தப்பாப் பண்ணலையே."

"நீ பண்ணலடி, தங்கம். அப்படியே குடு. குழலத் திருப்பாத."

வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. தோட்டாவோடு அதை வண்டியில் வைக்க முடியாது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையிலும் போட முடியாது. எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியைத் தள்ள வேண்டும். யாரையாவது கேட்கலாம் என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். என் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இங்காவைக் காருக்கு அந்தப் பக்கம், எஞ்சின் மறைவில் குனிந்து உட்காரச் சொன்னேன். பாதையோரம் ஆள் உயர மண் மேடு ஒன்று இருந்தது. கல் இல்லாத இடமாகப் பார்த்து, குழலை அதன் எதிரே சாய்த்துப் பிடித்தேன். விசையை விட்டு எல்லா விரலையும் தள்ளி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சேஃப்டியைத் தள்ளினேன்.

வெடித்தது.

மண் முகத்தில் அடித்தது. காது அடைத்துக்கொண்டது. போல்ட்டைத் திறந்தேன். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு கீழே விழுந்தது. இங்காவின் இடது கால் இப்போது கார் மறைவில் பத்திரமாக இருந்தது. இங்கா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீ விசையத் தொடவே இல்லையேம்மா. நான் எட்டிப் பாத்தேன்."

காதடைப்பு விட்ட பிறகுதான் மேலேயிருந்து வந்த குரல் கேட்டது. ஆரின். தனியாகத் துப்பாக்கியோடு அனுப்பிய பிள்ளை, வண்டியருகே போய்ச் சேரும் நேரம், ஒரு வெடி. அதைத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

"இங்கா!"

"அப்பா, ஒண்ணுமில்ல!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். கார் ஹாரனை அடித்தேன். அது அவனுக்கு ஆபத்தில் உதவிக்குக் கூப்பிடுவது போலத்தான் கேட்டிருக்க வேண்டும். அவன் குரல் உடைந்துபோய், பேர் பேராக இல்லாமல் வெறும் ஓலமாக மாறியது. கற்கள் உருளும் சத்தம், கிளை முறியும் சத்தம். விழுகிறான், எழுந்து ஓடி வருகிறான். மேலே ஏறி ஓடினோம், இருவரும் கத்திக்கொண்டே.

வளைவில் வந்து நின்றான். தொப்பி இல்லை, நெற்றி கிழிந்திருந்தது. இங்காவின் ரத்தக் கைகளைப் பார்த்தான். மான் ரத்தம் என்று அவனுக்கும் தெரியும், ஆனாலும் அவள் முன்னால் மண்டியிட்டுக் கை, கால், வயிறு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தான். சட்டையை விலக்கி முதுகைக்கூடப் பார்த்தான்.

"நான்தானே குடுத்தேன்" என்றான். "நான்தானே அவ கையில குடுத்தனுப்பினேன்."

"ஆரின், என்னப் பாரு. உன் மேல தப்பில்ல. துப்பாக்கியிலதான் கோளாறு. எங்களுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியும்."

அவன் காதில் அது ஏறவில்லை. மகளின் இடது பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான்தானே குடுத்தேன், நான்தானே குடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.