புதைமேட்டில் ஒரு சறுக்கல்

ஞாயிற்றுக்கிழமை காலை நினைவிடத்தைத் திறக்க வந்த வழிகாட்டி ஹென்ரிக்கே, வடக்குச் சரிவில் சிரிப்புச் சத்தம் கேட்டு அப்படியே நின்றாள். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. ஊரே சறுக்குவண்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

நாஜிகளின் வதைமுகாமில் பட்டினியால் செத்த யூதர்களையும் மற்றக் கைதிகளையும் மொத்தமாகப் புதைத்த சரிவு அது. பனிக்கு மேலே தலைநீட்டிய நினைவுக்கற்களுக்கு நடுவே வண்டித்தடங்கள் வளைந்து வளைந்து ஓடின. ஒரு கல்லின்மேல் யாரோ ஈரக் கையுறைகளைக் காயப் போட்டிருந்தார்கள். அதனடியில் சூடான மசாலா ஒயின் சிந்தி, பனி சிவந்து கிடந்தது.

அவள் சரிவை நோக்கி நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி சறுக்கி வந்து அவள் முன்னால் நின்றது. எழுந்தவர் வோல்கர். ஊர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். வருடந்தோறும் மாணவர்களை அழைத்து வந்து, இதே கற்களுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கச் சொல்பவர்.

"வோல்கர், நீங்களுமா?"

"அட, ஞாயித்துக்கிழமையும் விடமாட்டியா ஹென்ரிக்கே? இப்படிப் பனி பெஞ்சு எத்தனை வருஷமாச்சு! பசங்க விளையாடட்டுமே."

"கீழ யார் இருக்காங்கன்னு தெரியும்ல?"

"எனக்கே பாடமா? அவங்களுக்கு இனிமே வலிக்கவா போகுது?" என்று சிரித்தபடி, பின்னால் வந்து நின்ற மனைவி சில்கேயைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் உங்க வகுப்பைக் கூட்டிட்டு வராதீங்க. இந்த வாயால நீங்க அஞ்சலி சொன்னா எனக்கு வாந்தி வந்துடும்."

"வார்த்தையை அளந்து பேசு!"

கல்லின்மேல் கிடந்த கையுறைகளைச் சில்கே எடுத்தாள். "அவ சொன்னதுல என்ன தப்பு? உங்க அப்பா கல்லறை மேல எவனாவது இப்படிச் சறுக்கினா சும்மா இருப்பீங்களா?"

வோல்கர் திரும்பித் தன் வண்டி வந்த தடத்தைப் பார்த்தார். அது இரண்டு கற்களை உரசிக்கொண்டு நேராக இறங்கியிருந்தது. குழந்தைகளைக் கூப்பிட்டு, வண்டியைப் பாதைக்கு இழுத்துப் போனார். எதிரே சறுக்குவண்டியோடு ஏறி வந்தவரை மறித்தார்.

"இங்க வேணாம், திரும்பிப் போங்க."

"யோவ், இப்பதான நீயே சறுக்கின?" என்று அவர் எகிறினார்.

"ஆமா, சறுக்கினேன். தெரியாம செஞ்சா தப்புன்னு விட்டுடலாம். நான் எல்லாம் தெரிஞ்சே செஞ்சேன், அது அசிங்கம். பசங்க முன்னாடி மட்டும் தலைகுனிஞ்சா அது வரலாறு படிச்சது ஆகாதுங்க. யாரும் பாக்காத நாள்லயும் இவங்கள மிதிக்காம நடக்கணும். அதுதான் படிப்பு."