நாலாவதா ஒருத்தர் வந்தா

"ஒரே ஆற்றல் உள்ள மூணு ஆர்பிட்டால். மூணு கட்டம்னு வெச்சுக்கங்க. முதல்ல கட்டத்துக்கு ஒரு எலக்ட்ரான். ஒரு கட்டம் காலியா இருக்கிறவரைக்கும் எதுவும் ஜோடி சேராது. நாலாவது வந்தாத்தான் சேரும்."

பலகையில அம்புக்குறி போட்டேன். வருஷா வருஷம் சொல்ற பாடம்தான், இன்னைக்கு என்னமோ உறுத்துது. எங்க வீட்டுலயும் ஒரே அளவுல மூணு ரூம். ஒண்ணுல பரீட்சைக்குப் படிக்கிற மக, ஒண்ணுல நான், ஒண்ணுல அவர். "என் குறட்டை உன்னைத் தூங்க விடாது"ன்னு தலையணையோட போன மனுஷன், திரும்பி வரவே இல்ல. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

இன்னைக்கு என் தம்பி வர்றான். புது வேலை, வீடு கிடைக்கிறவரைக்கும் எங்ககூடத்தான். அவர் ரூமை அவனுக்குக் கொடுத்துட்டா அவர் எங்க போவார்? என்கிட்டதானே வந்தாகணும். காலையிலேயே என் கட்டில்ல கிடந்த துணிக் குவியலை அள்ளி எடுத்துட்டேன். வெக்கங்கெட்ட மனசு.

பின் பெஞ்ச் வாயாடி கையைத் தூக்கினா. "மிஸ், பிடிச்சுப்போய் ஜோடி சேருதா, வேற வழியில்லாமலா?"

வகுப்பே சிரிச்சுது.

"வேற வழியில்லாமத்தான். அடுத்த மட்டத்துக்கு ஏற, ஜோடி சேர்றதைவிட அதிகமா ஆற்றல் வேணும்."

"எந்தக் கட்டத்துல சேரும் மிஸ்?"

"எதுல வேணாலும். மூணும் ஒண்ணுதானே. உக்காரு." எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவ என்ன பண்ணுவா.

பஸ்ல இருப்பே கொள்ளல. வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அவர் ரூம்ல கட்டிலைச் சுவரோரம் தள்ளிட்டு, அவரும் தம்பியும் கீழே ஒரு மெத்தையை விரிச்சுக்கிட்டிருக்காங்க.

"மாப்ள என்கூடவே இருக்கட்டும். உனக்கு எதுக்குச் சிரமம்?"ன்னார்.

"ஆமாக்கா. மாமா குறட்டைக்கு என் குறட்டைதான் சரியான ஜோடி."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு. தம்பி நிக்கிறான்னுகூடப் பாக்கல.

"நீங்க என் ரூமுக்கு வருவீங்கன்னு நெனச்சேன்."

தம்பி தண்ணி குடிக்கப் போற சாக்குல நழுவிட்டான். அவர் மடிச்ச போர்வையையே திரும்பத் திரும்ப மடிச்சார்.

"இடமில்லாம வந்தேன்னு நீ நெனச்சிடுவியோன்னுதான்…"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறேன். வாங்க."