பாலத்தை விழுங்கிய மலை

நுன்ஸியாவின் தலையில் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். அதன்மேல் கல்யாண முக்காடு. வானத்திலிருந்து கறுப்புப் பொடிக்கல் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. எத்னா எரிமலை பொங்க ஆரம்பித்து இரண்டு நாள் ஆகிறது. சனிக்கிழமை ஒருத்திக்குக் கல்யாணம் என்று மலைக்கு யார் போய்ச் சொல்வது?

"சாம்பல் புதனுக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த மலைக்கு மட்டும் என்ன அவசரமோ!" என்று குடையை உதறினார் பாதர் எமிலியோ.

கோயிலில் நிற்க வேண்டிய கல்யாணக் கூட்டம் முழுவதும் ஊர் எல்லையில் பள்ளத்தின் கரையில் நின்றது. பள்ளத்தின்மேல் நேற்றுவரை ஒரு பாலம் இருந்தது. இப்போது பாலமும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டையும் நிரப்பிக்கொண்டு நெருப்புக் குழம்பு, பீங்கான் கடையில் மாடு புகுந்த மாதிரி கலகலவென்று சத்தம் போட்டபடி, நகர்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை சிரினோ. அவன் பக்கத்தில் கோழி வேஷத்தில் மாப்பிள்ளைத் தோழன். கார்னிவல் நாள் ஆயிற்றே, பாதி ஊர் வேஷத்தில்தான் இருந்தது.

மலை பொங்கினால் ஊர்ச் சாமியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழம்புக்கு எதிரே நிறுத்துவது அங்கே வழக்கம். இங்கே வராதே, அந்தப் பக்கம் போ என்று சாமி சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் என்பது அடுத்த ஊர் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவு நாகரிகம் உண்டு. இக்கரைப் பியெத்ரநேராக்காரர்கள் புனித மவுரோவைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுச் செர்ரமாராக்காரர்கள் அக்கரையில் புனித வேனெராவைக் கொண்டுவந்து எதிரெதிரே நிறுத்தினார்கள். இரண்டு சாமியும் விட்டுக்கொடுக்கவில்லை. குழம்பு நட்டநடுவே வந்து பாலத்தை விழுங்கிவிட்டது.

"எங்க அம்மா வேனெரா கையைக் காட்டின வேகத்துல மலையே மிரண்டுடுச்சு!" என்று அக்கரையிலிருந்து கத்தினாள் மாப்பிள்ளையின் அம்மா பெப்பினா.

"மிரண்டது உன் மூஞ்சியைப் பாத்துதான் சம்பந்தி!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். இக்கரை முழுக்கச் சிரித்தது. நுன்ஸியாவின் அப்பா ஒராத்ஸியோ மட்டும் சிரிக்கவில்லை. வாயடிப்பதில் ஊருக்கே முதல் ஆள் அவர். நேற்றிலிருந்து என்னவோ சாமிக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி நின்றார்.

நுன்ஸியாவுக்கோ நேரம் போய்க்கொண்டிருந்தது. விமான நிலையத்தைச் சாம்பல் மூடிவிட்டது. சாயங்காலம் கத்தானியாவில் ரயில் ஏறினால்தான் சிரினோவுக்கு ஜெர்மனி வேலை. கத்தானியாவரை இறங்கி இந்தப் பக்கம் ஏறிவர அரை நாள் ஆகும். புதன்கிழமை தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர்வரை கல்யாணமும் கிடையாது. விரலில் மோதிரம் ஏறாமல் பெண் ரயில் ஏறக் கூடாது என்று அப்பா சொல்லியாகிவிட்டது.

"பாதர், இங்கிருந்தே கேளுங்க," என்றாள்.

"எதை?"

"சம்மதமான்னு. அவருக்குக் காது நல்லாவே கேக்கும்."

பாதர் குடையைப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினார். பிறகு கார்னிவல் வண்டியின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "சிரினோ! இவளைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்!" என்று செர்ரமாரா முழுவதும் கத்தியது.

"ஊரைக் கேக்கலடா, பையனைக் கேக்கறேன்!"

"சம்மதம் பாதர்! சீக்கிரம், ஷூ உருகுது!"

நுன்ஸியா சொன்ன சம்மதம் ஹெல்மெட்டுக்குள்ளேயே எதிரொலித்தது. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு இன்னொரு தரம் கத்தினாள். கோழி துள்ளிக் குதித்தது. எல்லாம் சரி, மோதிரம் அக்கரையில். தூக்கிப் போடுகிறேன் என்று சிரினோ கையை ஓங்கினான். அவன் ஊர்க் கால்பந்து அணியில் அவன் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கரையும் ஒரே குரலில் "வேண்டாம்!" என்றது.

அப்போதுதான் ஒராத்ஸியோ அசைந்தார். புனித மவுரோவின் சப்பரத்தைக் கீழே இறக்கச் சொன்னார். தூக்கும் நீளக் கம்பை உருவினார். ஊரே வாயைப் பிளந்தது. தன் ரொட்டிக் கடையிலிருந்து ரொட்டி எடுக்கும் தட்டையான துடுப்பைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கம்பின் நுனியில் கட்டினார்.

"சம்பந்தி! உங்க சாமி கம்பையும் கழட்டு!"

"எங்க சாமியை இறக்கறதா?"

"எங்களுது இறங்கிடுச்சே!"

பெப்பினாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அந்தக் கம்பும் வந்தது, நுனியில் ஒரு வாணலி கட்டிக்கொண்டு. நெருப்பின்மேல் இரண்டு கம்பும் நீண்டன. வாணலி சாய்ந்தது, மோதிரம் துடுப்பில் டிங்கென்று விழுந்தது. கம்பு புகைய ஆரம்பித்தது. "இழு! இழு!" என்று இக்கரைக்காரர்களோடு சேர்ந்து அக்கரைக்காரர்களும் கத்தினார்கள்.

மோதிரம் கொதித்தது. நுன்ஸியா தொட்டுவிட்டு விரலை உதறினாள். காலமெல்லாம் அடுப்பில் ரொட்டி எடுத்த ஒராத்ஸியோவின் விரல்களுக்குச் சூடு உறைக்காது. மோதிரத்தை எடுத்து, சின்ன வயதில் அவளுக்குப் பால் ஆற்றியதுபோல ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"போதும்ப்பா, ஆறிடுச்சு."

"நுன்ஸியா." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஊர் மொத்தமும் குழம்பு அந்தப் பக்கம் போகணும்னு வேண்டுச்சு. நான் வேற வேண்டினேன். ஊரை விட்டுடு, அந்தப் பாலத்தை மட்டும் எடுத்துக்கோன்னேன். நீ அவ்வளவு தூரம் போயிடுவியேன்னு."

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. கையை நீட்டினாள். அப்பா மாப்பிள்ளைக்குப் பதிலாக மோதிரத்தைப் போட்டுவிட்டார். கரி பிடித்த அவர் கைகளை இழுத்துத் தன் வெள்ளைக் கவுனோடு அணைத்துக்கொண்டாள்.

"ரயில் நிலையத்துல பாக்கலாம் பொண்டாட்டி!" என்று சிரினோ கத்தினான்.

அவள் அப்பாவின் காதில் சொன்னாள்: "அப்ப பாலத்தை எடுத்தது நம்ம சாமிதானாப்பா?"

ஒராத்ஸியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த எண்ணம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் மலர்ந்தது, நெஞ்சு நிமிர்ந்தது. பாதரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"பெப்பினா! நல்லாக் கேட்டுக்கோ! பாலத்தை எடுத்தது எங்க மவுரோதான்! கேட்டவன் நான்!"

 அக்கரையிலிருந்து பெப்பினாவின் குரல் வந்தது.

"அப்படியா சம்பந்தி? அப்ப பேரப்புள்ளை பொறக்கறதுக்குள்ள கட்டித் தரச் சொல்லு!"