மாரித்தாய் கேட்ட சத்தம்

மூன்று நாளாகப் பிரபாகரனின் விரல்கள் எதையும் தட்டவில்லை. கல்யாணமாகி வந்த இந்த எட்டு மாதத்தில் செல்வலட்சுமி அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டு, பைக் டேங்க், பஸ் ஜன்னல் கம்பி, தூக்கத்தில் அவளுடைய முதுகு என்று கை படுகிற இடமெல்லாம் அவனுக்கு டிரம்தான். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகி, தட்டுவது நின்றால்தான் அவளுக்கு விழிப்பே வந்தது. இந்தப் புதன்கிழமை காலையில் அவன் வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இடது கை, யாரோ வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

எதிரே கட்டிலில், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகள் வீட்டில் தங்கியிருக்கிற அவளுடைய அம்மா மாரித்தாய், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மாப்ள, இன்னும் ரெண்டு கரண்டி கொளம்பு ஊத்திக்கிடுங்க. வெறுஞ்சோத்தயா பெசையிறீக?"

"போதும் அத்தை."

"கால் ஒடஞ்சது எனக்கு. எளைக்கிறது நீங்களா?"

மாரித்தாய் சிரித்தாள். பிரபாகரன் சிரிக்கவில்லை. செல்வலட்சுமி தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றாள். அம்மாவின் கால் உடைந்தது அவனால்தான். அது அவனுக்குத் தெரியும், ஞாயிறு ராத்திரி அவன் சொல்லி அவளுக்கும் தெரியும். கட்டிலில் இருப்பவளுக்கு மட்டும் தெரியாது.

மாரித்தாய் இருபத்தாறு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற கம்பெனி. ரூமுக்கு நாலு பேர், நாலு பக்கமும் வாசல். வேலைக்குச் சேர்ந்த அன்று பின்னலுக்கு முன்னால் ஓட்டத்தைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. வெளியே வந்ததும் வானத்தைப் பார். புகை எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் போ. இந்தப் பக்கத்து ஊர்களில் கைக்குழந்தைக்காரிகூட ஒரு சத்தம் கேட்டால் முதலில் வானத்தைத்தான் பார்ப்பாள்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. வடக்கே இருந்து பெரிய ஆர்டர் வந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு என்று சனிக்கிழமை சாயங்காலம்தான் ஃபோர்மேன் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, மேற்குக் கடைசி ரூமில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மாரித்தாய்க்குத் தொடைக்குக் கீழே மண் அதிர்ந்தது. மேற்கே இருந்து, விடாமல், தடதடவென்று. அவள் "ஓடுங்கடி" என்று கத்தினாள். நாற்பது பெண்கள் ஓடினார்கள். மழைத்தண்ணீர் போக வெட்டியிருந்த வாய்க்காலில் மாரித்தாய் விழுந்தாள். வானத்தில் எந்தப் பக்கமும் புகை இல்லை.

அந்த நேரத்தில் ஓடைக்கு மேற்கே, கம்பெனியிலிருந்து அரை மைல் தூரத்தில், மூடிக்கிடந்த ஒரு பழைய தீப்பெட்டிக் குடோனில் பிரபாகரன் டிரம் அடித்துக்கொண்டிருந்தான்.

குடோன் சீனிவாசகம் முதலாளியுடையது. அவருடைய அச்சாபீஸில்தான் பிரபாகரன் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறான். முதலாளி மகன் ஹரிபிரசாத் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஒரு சூட்கேஸ் நிறைய சி.டி.யோடு ஊருக்குத் திரும்பியவன். மிஷினின் தாளத்துக்குப் பிரபாகரன் மேஜையில் தட்டுவதைப் பார்த்துத்தான் அவனைப் பிடித்துக்கொண்டான். ஹரி பாடுவான், அன்பரசன் கித்தார், பிரபாகரன் டிரம். பேண்டுக்குப் பெயர் 'அடியிருள்'. டிசம்பரில் பெங்களூரில் ஒரு மேடை கிடைத்திருந்தது. சத்தம் வெளியே போகக்கூடாது என்று சுவர் முழுக்கச் சாக்கு அடித்திருந்தார்கள். தரையை யாரும் நினைக்கவில்லை. மதுரையில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய, இரண்டு காலாலும் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மை அன்றுதான் முதன்முதலாக சிமெண்டுத் தரையில் வைத்து அடித்தான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் ஹெட்போனை எடுத்து செல்வலட்சுமியின் காதில் வைத்திருக்கிறான். தொண்டையில் மாங்கொட்டை சிக்கிய மாடு கத்துவது போல இருந்தது. டெத் மெட்டல் பாட்டு என்றான்.

"இதுல வார்த்த இருக்கா?"

"இருக்கு. நல்லாக் கேளு."

"பாவம், இவருக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாகளா?"

அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனை அவளுக்கு முதலில் பிடித்தது. அதற்கப்புறம் வந்தவை, அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த இங்கிலீஷ் கதைகள். ஹரி பிரவுசிங் சென்டரில் கட்டுக் கட்டாக அச்செடுத்துக் கொடுப்பான். பிரபாகரன் அகராதியை வைத்து அதைப் படித்துவிட்டு விளக்கணைத்த பிறகு அவளுக்குச் சொல்லுவான். மனிதன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கடலுக்கடியிலும் பாலைவனத்துக்கடியிலும் தூங்குகிற பிரமாண்டமான எதுவோ ஒன்று. அது புரண்டு படுத்தால் ஒரு ஊர் இருக்காது. எப்போதாவது யாருக்காவது அதன் சத்தம் கேட்கும். கேட்டவன் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். கடைசியில் அவனே தன்னை நம்பாமல் ஒரு பூட்டிய அறையில் கிடப்பான்.

"அது சாமியா, பேயா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும் இல்ல. சாமின்னா நம்மளப் பாக்கும். பேயின்னாலும் நம்மளத் தேடி வரும். இதுக்கு நாம இருக்கிறதே தெரியாது."

அவள் போர்வையை இழுத்து அவனுக்கும் சேர்த்துப் போர்த்தினாள். பேண்டின் பாட்டில் அந்த வஸ்து வெம்பக்கோட்டை அணைக்கு அடியில் படுத்திருந்தது. 'அது உன்னை வெறுக்கவில்லை, உன் பெயரே அதற்குத் தெரியாது' என்று ஹரி அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்துகிற வரி பிரபாகரன் எழுதிக் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை ஃபோர்மேன் வெள்ளைத்துரை அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். ஒவ்வொரு ரூமாகக் கேட்டுவிட்டாராம். மாரித்தாய் கத்தினாள், ஓடினோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம்.

"சத்தமே வரல மாரித்தாய். நான் ஆபீஸ் ரூம்லதான இருந்தேன்? கலக்கி வச்ச மருந்தப் போட்டுட்டு நாப்பது பேரு ஓடிருக்கீக. சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகல. சீசன் நேரத்துல இப்படிப் பீதியக் கெளப்புனா கம்பெனி முதலாளி ஒன்னைய வேலைக்கு வச்சுக்கிடுவாரா?"

"மேக்க இருந்து வந்துச்சுண்ணே. மண்ணு அதிந்துச்சு. ஒருக்க நின்னு மறுபடி அதிந்துச்சு."

"ஒனக்கு மட்டுமா?" அவர் சிரித்தார். "வெள்ளிக்கிழம காலையில வந்து, தப்பாக் கேட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. கால் சரியானதும் வேலைக்கு வா. இல்லன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது."

அவர் போனதிலிருந்து மாரித்தாய் காதில் விரலை விட்டு விட்டு ஆட்டிப் பார்த்தாள். ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள், தள்ளி வைத்துக் கேட்டாள். "நாப்பத்தஞ்சு வயசுலயே காது மக்கர் பண்ணுமா செல்வி?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். செல்வலட்சுமிக்கு வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஹரிபிரசாத் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான். அச்சாபீஸில் அவன் சின்ன முதலாளி, குடோனில் "டேய் ஹரி", இந்த வீட்டில் செல்வலட்சுமியை மதினி என்று கூப்பிடுகிறவன். உள்ளே நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"மதினி, அந்தக் குடோன்ல நாங்க என்ன பண்றோம்னே அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னையத் திட்டிட்டு விட்டுருவாரு. பிரபாவ மறுநாள் மிஷின்ல நிக்க விடமாட்டாரு. நான் அவனுக்காகத்தான் சொல்றேன்."

பொய் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கேட்டவன யாரும் நம்பலன்னுதான நீங்க பாட்டுல அம்புட்டுக் கத்துறீக?" என்றாள். அவன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மத்தியானம், தெருமுனையில் இருக்கிற இன்னொரு அச்சாபீஸுக்கு பேப்பர் லோடு இறக்க வந்த லாரியின் பின்கதவு படாரென்று விழுந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வலட்சுமி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, வாசலில் நின்று மேலே பார்த்தாள். எதிர்வீட்டு முத்துமாரியம்மாளும் இடுப்பில் குடத்தோடு மேலே பார்த்தாள். லாரியைப் பார்த்ததும் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். திரும்பி உள்ளே வந்தபோது அம்மா கட்டிலில் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலைகூடத் திரும்பியிருக்கவில்லை.

"அம்மா, கேக்கலயா?"

"கேட்டுச்சு." சீப்பிலிருந்த முடியை உருவினாள். "நெசமாக் கேட்டுச்சா, எனக்கு மட்டுமான்னு தெரியல. நீ எந்திரிக்கிறியான்னு பாத்தேன். நீ எந்திரிச்சதும் சரி, நெசந்தான் போலன்னு நெனச்சேன்."

செல்வலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியில் அடுத்தவள் எழுந்திருக்கிறாளா என்று பார்க்கிற நேரம் கிடையாது. இருபத்தாறு வருடம் அம்மாவை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தது அந்தக் காதுதான். நாளைக் காலையில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள். கால் சரியான பிறகு அந்த ரூமுக்குள் போய் உட்காரப்போகிறவள், சத்தம் வந்தால், முதலில் சுற்றிப் பார்ப்பாள்.

பிரபாகரன் வேலை முடிந்து வந்து குழாயடியில் கையில் ஒட்டிய மையைக் கழுவும்போது அவள் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். "நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்."

அவன் ஈரக் கையோடு உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான்.

"அத்தை, அந்தச் சத்தம் நான் போட்டது."

குடோன், டிரம், சிமெண்டுத் தரை என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தான். மாரித்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சத்தம் வந்துச்சு?"

"வந்துச்சு அத்தை."

"மேக்க இருந்து? தடதடன்னு வந்து, நடுவுல ஒருக்க நின்னு, மறுபடி?"

"பெடல் கழண்டுருச்சு. மாட்டிட்டு மறுபடி அடிச்சேன்."

அவள் கண்ணை மூடினாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது போல நீளமாக ஒரு மூச்சு வந்தது. "செல்வி, கேட்டியா, நின்னு மறுபடி வந்துச்சுன்னு நான் சொன்னேன்ல? வெள்ளத்துர சிரிச்சான்ல?" என்றாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "தள்ளிப் போங்க மாப்ள. கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னால இருக்காதீக."

அவன் வாசற்படியில் போய் உட்கார்ந்தான். செல்வலட்சுமி இரண்டு பேருக்கும் நடுவில், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோறு குழைந்தது. விளக்கு வைத்த பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அது என்ன பாட்டு?"

அவன் வாசலிலிருந்தே சொன்னான். அடியில் கிடப்பது, புரண்டு படுப்பது, அதற்கு யார் பெயரும் தெரியாதது.

"இதுக்குப் போயி புஸ்தகம் படிச்சீகளாக்கும்? தெனம் அது பக்கத்துல உக்காந்துதான சரம் பின்னுறேன்." காலைத் தலையணையில் நகர்த்தி வைத்துவிட்டு, "நாளைக்கு நீங்க வந்து சொன்னா, மாமியாளுக்காகப் பேசுறாருன்னு சொல்லுவாக. சொல்ல வேண்டாம். எட்டு மணிக்கு அடிங்க. பொம்பளைக அப்ப கம்பெனி வாசல்லதான் நிப்பாக, ரூம்ல யாரும் இருக்கமாட்டாக."

"குடோன் சாவி ஹரிகிட்ட இருக்கு அத்தை."

"அது ஒங்க பாடு."

வெள்ளிக்கிழமை விடியுமுன் டீகூடக் குடிக்காமல் அவன் கிளம்பிவிட்டான். ஏழே முக்காலுக்கு செல்வலட்சுமி அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கம்பெனி வாசலுக்குக் கொண்டுவந்தாள். வரும் வழியில் ஹரியின் பைக் ஓடைப்பக்கமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்தாள். சாவி கொடுக்கப் போகிறானா, தடுக்கப் போகிறானா? அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. இவர் அடித்தால் நாளைக்கு மிஷின் இல்லை, பெங்களூர் இல்லை. அடிக்காவிட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தாள்.

வெள்ளைத்துரை அட்டையில் தாளைச் செருகித் தயாராக வைத்திருந்தார். வாசலில் பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றார்கள்.

"கையெழுத்துப் போடுறேண்ணே" என்றாள் மாரித்தாய், ஆட்டோவை விட்டு இறங்கி மகளின் தோளைப் பிடித்து நின்று. "அதுக்கு முன்னால எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு ஒரு நிமிசம் நில்லுங்க. சத்தம் வந்தாலும் வரும். ஒருத்தரும் ஓட வேண்டாம், வெடி இல்ல. என் மருமகன் அடிக்கிறது."

"என்னக்கா, மருமகன் கோயில் மேளமா?" என்று ஒருத்தி கேட்க, சிரிப்பு பரவியது. ஆனாலும் கழற்றினார்கள். வெள்ளைத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்குச் செய்வது போல அவரும் செருப்பை உதறினார்.

எட்டு ஆனது. கரிசல் மண் காலைக் குளிர்ச்சியோடு பாதத்தில் ஒட்டியது. ஒரு கொக்கு ஓடையிலிருந்து எழுந்து போனது. எட்டு தாண்டி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரோ தூக்குவாளியைக் கை மாற்றினார்கள். வெள்ளைத்துரை பேனா மூடியைத் திறந்து நீட்டினார். மாரித்தாய் அதை வாங்கவில்லை. செல்வலட்சுமி தோளில் அம்மாவின் விரல்கள் இறுகுவதை உணர்ந்தாள், மேற்கே பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையையே பார்த்தாள்.

காதுக்கு எதுவும் வரவில்லை. குதிகாலுக்கு வந்தது. முதலில் ஒரு துடிப்பு, அப்புறம் விடாமல், மண்ணுக்குள் எதுவோ ஓடி வருவது போல. வரிசைக் கடைசியில் நின்ற சின்னப்பெண் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள். சிரிப்பு நின்றது. ஓட வேண்டாம் என்று சொல்லியிருந்தும், வெடி இல்லை என்று தெரிந்தும், நாற்பது தலைகளும் புகையைத் தேடி ஒன்றாக வானத்துக்குத் திரும்பின. நீட்டிய பேனாவோடு வெள்ளைத்துரையும் மேற்கு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வெறுங்கால் ஒன்று, அவருக்குத் தெரியாமலேயே, ரோட்டுப் பக்கமாகத் திரும்பி நின்றது. மாரித்தாய் மட்டும் மேலே பார்க்கவில்லை. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த ஐந்து விரல்களையும் மண்ணில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.