பதவி வரிசையில் ஒரு குருவி

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. பரவனாற்றங்கரைப் புங்கந்தோப்பில் ஆபீஸ் பறவை நேசர் மன்றத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தார்கள். மீன்கொத்தி ஒன்று ஆற்றில் விழுந்து மீனோடு எழுந்தது. ஒருத்தரும் கேமராவைத் தொடவில்லை. மன்றத் தலைவரான பொது மேலாளர் ராஜாங்கம் இன்னும் வந்து சேரவில்லை. முதல் படம் அவருடையது. அடுத்து துணைப் பொது மேலாளர். பிறகு பதவி இறங்க இறங்க மற்றவர்கள். எங்கும் எழுதி வைத்த விதியில்லை. ஆனாலும் ஆபீசில் கோப்பு போகிற பாதையில்தான் தோப்பில் குருவியும் போகவேண்டும்.

கடைசி ஆள் உதவி மேலாளர் சுதாகர். அவன் பின்னால் அவன் மனைவி செந்தாமரை, ஃபிளாஸ்கோடு. விசிறிவால் குருவியின் கூட்டைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆற்றோரச் சாலையில் ஸ்கூட்டர் பழக வந்தபோது கண்ணில் பட்டது. சிலந்தி நூலால் இறுக்கிய சின்னக் கிண்ணம், உள்ளே மூன்று குஞ்சுகள். ஆசையாகப் புருஷனிடம் சொன்னாள். அவன் அதைவிட ஆசையாக மன்றத்தில் சொல்லிவிட்டான்.

ராஜாங்கம் வந்தார். சட்டை, பேன்ட், தொப்பி எல்லாம் இலைதழை அச்சிட்டவை. பறவை கண்ணுக்குத் தெரியக்கூடாதாம். பூசியிருந்த சென்ட் அக்கரை வரைக்கும் மணந்தது. இயற்கை நமக்குத் தாய் என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பீரங்கி போன்ற லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்து, கூட்டின் மேல் இலை நிழல் விழுகிறதே என்றார்.

அவ்வளவுதான். செயலாளர் மருதமுத்துவின் பையிலிருந்து செடி வெட்டும் கத்தரி வந்தது. கத்தரி கிடைக்காதவர்கள் கையாலேயே ஒடித்தார்கள். யார் ஒடித்த கிளை பெரிது என்று தலைவர் பார்க்கும்படி ஒடித்தார்கள். புதுத் தளிர் விட்ட புங்கங்கிளைகள் காலடியில் மிதிபட்டன. வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது.

தாய்க்குருவி வாலை விரித்து விரித்துக் கிளைக்குக் கிளை தவித்தது. கூட்டை நெருங்கவில்லை. இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சிரைத்தன.

“நம்மளப் பாத்துச் சிரிக்குதுங்க பாருங்க,” என்றார் ராஜாங்கம், படமாக எடுத்துத் தள்ளியபடி. துணைப் பொது மேலாளர் சிரித்தார். சிரிப்பு படிப்படியாக இறங்கி வந்து சுதாகரிடம் முடிந்தது.

“வெயில்ல செத்துடும்ங்க. போயி சொல்லுங்க,” என்று செந்தாமரை அவன் காதருகே சொன்னாள்.

“ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம். பேசாம நில்லு. என் டர்ன் வரட்டும்.”

அவன் முறை வருவதற்குள் கூடு கருவாடாகிவிடும். ஒரு குஞ்சு ஏற்கெனவே கிண்ண விளிம்பில் தலையைத் தொங்கவிட்டிருந்தது. கெஞ்சினால் இந்தக் கூட்டம் அதையும் நின்று படம் எடுக்கும். செந்தாமரை ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனாள். காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தை வெகுளியாக வைத்துக்கொண்டாள்.

“சார், இதுவரைக்கும் நீங்க எடுத்ததுதான் சார் டாப். ஆனா லைட்டு இப்பத்தான் நல்லா விழுது. பின்னாடி எடுக்கிறவங்களுக்கு இதவிடப் பிரமாதமா வந்துடுமோன்னுதான்...”

ராஜாங்கம் வானத்தைப் பார்த்தார். கேமராவில் அப்போதுதான் கண்ணை வைத்த துணைப் பொது மேலாளரைப் பார்த்தார்.

“போதும், பேக்கப்,” என்றார். “பறவைகளத் தொந்தரவு பண்ணப்படாது. அதுங்க நலன்தான் நமக்கு முக்கியம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். துணைப் பொது மேலாளர்தான் பலமாகத் தட்டினார்.

மன்றம் பொங்கல் வடை இருந்த வேன் பக்கம் நகர்ந்தது. செந்தாமரை துப்பட்டாவைக் கிழித்து, மிதிபட்ட கிளைகளைப் பொறுக்கிக் கூட்டுக்கு மேலே நிழலாகக் கட்டினாள். என் சான்ஸைக் கெடுத்துட்டியே என்று சுதாகர் பின்னாலிருந்து முனகினான். அவனையும் இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள். வெகுநேரம் கழித்துத் தாய்க்குருவி பூச்சியோடு வந்து இறங்கியது. இரண்டு வாய்கள் திறந்தன. மூன்றாவது திறக்கவில்லை.

வேன் பக்கமிருந்து ராஜாங்கத்தின் குரல் கேட்டது. மிஸஸ் சுதாகருக்கு நல்ல ரசனை, அவரையே மன்றத்து மகளிர் பிரிவுக்குத் தலைவியாகப் போடலாம் என்றார். மறுபடி கைதட்டல். சுதாகரின் முகம் மலர்ந்துவிட்டது. “வா, வந்து தேங்க்ஸ் சொல்லு,” என்றான்.

செந்தாமரை ஆற்றுப்பக்கம் இறங்கினாள். ‘சார் டாப்’ என்று சொன்ன வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள்.